ஆய்வேடா, ஒட்டேடா?

நெல்லைக்கு வடகிழக்கே சீவலப்பேரியை ஒட்டிப் பொருநையொடு சிற்றாறு வந்து கலக்கின்றது. கயத்தாற்று நீரும் அங்கே வந்து சேர்தலின், மூன்று நீரும் கூடும் அவ்விடத்துக்கு முக்கூடல் என்று முன்னோர் பெயரிட்டனர். முக்கூடற் பள்ளு எனும் நூலுக்கு நிலைக்களன் அவ்வூரே. நெல்லைக்கு மேற்கே, அம்பைக்குச் செல்லும் பக்கத்தில், அதே பொருநைக் கரையில் முக்கூடல் எனும் பெயருடைய பேரூர் ஒன்றும் உண்டு. அங்கே திண்ணைதோறும் பெண்டிர் மடியிற் சுளகை வைத்துக்கொண்டு இலைச்சுருட்டாகிய பீடி சுற்றுவர். நிலத்தைக் காணாது தாளிலுள்ள பெயரை மட்டும் கண்டவர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுதல் எளிது. ஆதலின், முக்கூடற் பள்ளினை ஆய்ந்து பட்டத்திற்கு ஏடெழுதப் புகும் மாணவர் முதற்கண் செய்ய வேண்டுவது, நூலகத்துள் நுழைதலன்று. பேருந்தேறிச் சீவலப்பேரிக்குச் சென்று ஆற்றைக் காண்டல்.

அவ்வாறு சென்று கண்டு எழுதுவார் எத்துணையர்? அவ்வாறு சென்று வருக என்று அனுப்பும் நெறியாளர் எத்துணையர்? தமிழிலக்கியக் கல்வியின் இன்றைய நிலையை அளக்க இவ்விரு வினாக்களே போதும்.

ஆய்வேட்டை இடுநூல் என்று பாவாணர் வழங்கினார். பொருள் நிறைந்த சொல். அறிஞர் அவைமுன் இடப்படும் நூல் அது. அதனை எடுத்துப் பார்ப்பார் பார்க்கலாம், மறுப்பார் மறுக்கலாம், ஆயின் இட்டவர் தம் கருத்துக்குத் தாமே பொறுப்பாளர். இன்று கல்லூரிகளில் இடப்படுவனவற்றுட் பலவற்றை அப்பெயரால் அழைத்தல் அச்சொல்லுக்கு இழுக்கு. ஒரு புதினத்தின் பெயர், அதனையடுத்து ஏழாம் வேற்றுமையுருபு, அதனையடுத்துப் 'பெண்ணியம்' என்றோ 'குமுகாயச் சிக்கல்கள்' என்றோ 'உவமைகள்' என்றோ ஒரு சொல்: தலைப்பு அமைந்துவிட்டது. முதல் இயலில் ஆசிரியர் வரலாறு; இரண்டாம் இயலில் கதைச்சுருக்கம்; மூன்றாம் இயலில் நூலினின்று பெயர்த்தெழுதிய பகுதிகள், ஒவ்வொன்றன் கீழும் 'இதனால் அறிய முடிகிறது' என்று முடியும் ஒரு தொடர்; முடிவுரையில் முன்னுரை மீண்டும். அறிய முடிந்தது யாது என்று வினவினால், ஏட்டினை எழுதியவருக்கும் விடை தெரியாது. ஏனெனில் தொடக்கத்தில் அவரிடம் வினாவே இல்லை.

இதனை ஆய்வேடு என்பதினும் ஒட்டேடு என்பதே பொருந்தும். முன்பெல்லாம் ஒட்டுதற்கும் உழைப்பு வேண்டியிருந்தது. மூத்த மாணவர் ஏட்டினைத் தேடிப்பிடித்துக் கையால் எழுதியெடுத்தல் வேண்டும். இன்றோ கணினியிடம் தலைப்பைச் சொல்லிவிட்டால் இயல் இயலாகக் கொட்டிவிடுகின்றது. பிறக்காத நூலுக்குப் பெயரும், அச்சேறாத பக்கத்துக்கு எண்ணும் அது தந்ததுண்டு. இத்தகைய களவைத் தடுக்கவென்று பல்கலைக்கழக நல்கைக் குழு 2018இல் விதி வகுத்தது. 10 விழுக்காடு வரையுள்ள ஒப்புமைக்குத் தண்டமில்லை என்றும் அவ்விதி கூறுகின்றது. ஒப்புமையை எண்ணிச் சொல்லக் கருவி உண்டு. ஏட்டினுள் சிந்தனை உண்டா என்று எண்ணிச் சொல்லக் கருவி யாது?

இக்குறை மாணவர் குறையன்று என்பதை முதற்கண் சொல்லிவிடல் வேண்டும். மேலை முக்கூடலில் பீடி சுற்றும் தாய் ஒருத்தி, ஆயிரம் எண்ணி அடுக்கிக் கொடுத்தால்தான் அன்றைய கூலி என்ற நிலையில் இருந்துகொண்டு, மகளைப் பாளையங்கோட்டைக்குத் தமிழ் படிக்க அனுப்புகின்றாள். அம்மகளுக்கு முதுகலையின் கடைசிப் பருவத்தில் திடுமென ஓர் ஏடு எழுதச் சொல்கின்றனர். அதற்கு முன்னர் ஐந்தாண்டாக அவள் எழுதியவையெல்லாம் தேர்வு விடைகளே. வினா எழுப்ப அவளுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. உரையாசிரியர் இருவர் மாறுபடும் இடத்தில் எவர் கூற்று ஏற்புடைத்து என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. ஒரு திங்களில் ஏடு வேண்டும். அவள் என் செய்வாள்?

பட்டப்படிப்பின் இறுதியாண்டில் ஆசிரியர் ஒருவர் நெறிப்படுத்த மாணவர் தாமே ஓர் ஏடெழுதும் முறை உலகின் பல நாடுகளில் உண்டு. சிறப்புநிலைப் பட்டத்துக்கு அதுவே அடையாளம். தொலைவில் தேட வேண்டா. ஈழத்தில், பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும், தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு நான்காண்டு பயில்வோர் ஆய்வேடு எழுதித் தேர்தல் நெடுநாள் வழக்கம். போர் சூழ்ந்த ஆண்டுகளிலும் யாழ்ப்பாணத்து மாணவர் கற்பதை விட்டாரல்லர். இங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தில் முன்னொருகால் ஆனர்சு எனும் சிறப்புநிலைப் படிப்பு இருந்தது, பின்னர் மறைந்தது. முனைவர் ஆய்வுக்கு முற்படியாய் நின்ற ஆய்வியல் நிறைஞர் பட்டத்தையும் நல்கைக் குழுவின் 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் விதி எடுத்துவிட்டது. எழுதிப் பழக இருந்த படிகள் ஒவ்வொன்றாய்ப் பெயர்க்கப்பட்டன. கடைசிப் படியில் மட்டும் ஏறி நில் என்கின்றனர்.

அதே ஆண்டு திசம்பரில் நல்கைக் குழு நான்காண்டுப் பட்டப்படிப்புக்கு ஒரு சட்டகம் வெளியிட்டது. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றோர் நான்காமாண்டில் ஆய்வு மேற்கொள்ளலாம்; அவ்வேட்டுக்கு 12 மதிப்பலகு. புதிய கல்விக்கொள்கையின் வழிவந்த இவ்வமைப்பைத் தமிழ்நாட்டரசு ஏற்கவில்லை. இங்கே மூவாண்டுப் பட்டமே நிற்கின்றது. மறுத்தது முறையே. மும்மொழி என்னும் பெயரால் இந்தியைப் பின்வாயில் வழியே நுழைக்கும் கொள்கையைத் தமிழர் ஏற்பதெங்ஙனம்? கூலி வேலை செய்வார் பிள்ளைகளுக்கு மேலும் ஓராண்டுச் செலவு என்பதும் சிறு சுமையன்று. ஆயினும், களைந்த இடத்தில் நட்டது என்ன? வேண்டாததை மறுப்பது பாதி வேலை. மூவாண்டுப் படிப்புக்குள்ளேயே, இரண்டாமாண்டுத் தொடக்கத்திலிருந்து வினா எழுப்பப் பழக்கி, மூன்றாமாண்டில் நாற்பது பக்கத்துக்கு மேற்படாத ஓர் ஏட்டினை ஒவ்வொரு தமிழ் மாணவரும் தாமே எழுதுமாறு அமைப்பதற்குத் தில்லியின் ஒப்புதல் எதற்கு? 75 விழுக்காடு என்னும் வேலியும் அதற்கு வேண்டா. ஆய்வு என்பது மதிப்பெண் மிக்கார்க்கு வழங்கும் பரிசன்று. கற்றற்குரிய முறையே அது.

இனி, எம்மொழியில் எழுதுவது? தமிழிலக்கியத்தைத் தமிழிலே ஆய்ந்தெழுதல் வேண்டும் என்பதைக்கூடப் போராடிப் பெற வேண்டியிருந்த நாடு இது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948இல் தமிழ்த்துறையின் முதல் முனைவர் பட்டம் பெற்றவர் மு. வரதராசனார். கழக இலக்கியத்தில் இயற்கை பெறும் இடத்தை ஆய்ந்த அவ்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தெள்ளிய தமிழ் உரைநடைக்கே பெயர்பெற்ற ஒருவர், தமிழ்ப்பாட்டைப் பற்றித் தமிழர்க்கு எழுதியதை, ஆங்கிலத்தில் எழுதினார்! 1920இல் நெல்லையிலே தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அதனைப் பின்னர் அச்சிட்டது. வ.சுப. மாணிக்கனாரும் அகத்திணை பற்றிய தம் முனைவர் ஏட்டினை ஆங்கிலத்திலேயே எழுதினார். ஆயினும் அவர் அத்தோடு நில்லாது 'தமிழ்க்காதல்' எனும் தமிழ்நூல் தந்தார். இன்று அகத்திணை பயில்வார் கையில் இருப்பது அத்தமிழ்நூலே.

இன்று அத்தடை நீங்கிற்று, தமிழில் எழுதலாம். ஆனால் எழுதப்படுவது எத்தகைய தமிழ்? வடசொல்லும் ஆங்கிலத் தொடரமைப்பும் மிடைந்து, எழுவாய் ஓரிடமும் பயனிலை ஓரிடமுமாய்ச் சிதறிக் கிடக்கும் ஒரு நடை. அதனைத் திருத்துவதாகச் சொல்லிக்கொண்டு தனித்தமிழ் அன்பர் சிலர் செய்வதும் குறையுடையதே. 'காரணம்' என்றிருந்த இடத்தில் 'கரணியம்' என்று மாற்றிவிட்டால் ஏடு தூய்மையாயிற்று என்று அமைகின்றனர். சொல்லை மாற்றுதல் நன்று, மாற்றத்தான் வேண்டும். ஆயின் கரணியம் என்ற சொல்லை எழுதியவர் ஒரு கரணியத்தையேனும் காட்டினாரா என்பதன்றோ வினா! தனித்தமிழ் என்பது அயற்சொல்லைக் களையும் வேலையொடு முடிவதாயின், அதற்கு ஓர் அகரமுதலியும் ஓர் எழுதுகோலும் போதும். ஓர் இயக்கம் வேண்டா. தமிழிலேயே எண்ணி, தமிழிலேயே ஐயுற்று, தமிழிலேயே நிறுவும் ஆற்றலை வளர்ப்பதற்கன்றோ இயக்கம் கண்டது?

இவ்விடத்துப் பாவாணர் வரலாறு நினைவுக்கு வரும். 1902இல் சங்கரன்கோயிலிற் பிறந்து, பாளையங்கோட்டையிற் பள்ளிக்கல்வி பெற்ற அப்பெருமகனார், 1930களில் கீழ்கலை முதுவர் பட்டத்திற்காகத் திராவிட மரபு தோன்றிய இடம் குமரிநாடே என நிறுவும் இடுநூலைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். அது தள்ளப்பட்டது. அவர் தளர்ந்தாரல்லர், 1940இல் அவருடைய ஒப்பியன் மொழிநூல் வெளிவந்தது. பின்னர் 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலித் திட்டத்தின் இயக்குநராய் அமர்ந்து, 1981இல் மறையுங்காறும் சொல்லாய்வே மூச்சாக வாழ்ந்தார்.

இதனைக் கூறாத தனித்தமிழ் மேடை இல்லை. கூறும் முறையில் மட்டும் ஒரு பிழை நேர்கின்றது. தள்ளப்பட்டது என்பதனாலேயே அவ்வேட்டின் கோள் மெய்யாயிற்று என்பதுபோலச் சிலர் முழங்குகின்றனர். பல்கலைக்கழகம் தள்ளியது என்பது ஒரு நூலின் குற்றத்துக்கும் சான்றாகாது, குணத்துக்கும் சான்றாகாது. கடல்மட்டம் உயர்ந்து கரைநிலம் மூழ்கியதுண்டு. ஆயின் மாந்தர் வாழ்ந்த காலத்தே தெற்கே ஒரு பெருங்கண்டம் மூழ்கியமைக்கு இன்றைய நிலநூல் சான்று காட்டவில்லை. இதனைச் சொல்வது பாவாணர்க்கு இழுக்காகாது. அவர் வலிமை வேறிடத்தில் இருந்தது. ஒரு சொல்லை எடுத்தால் அதன் இனச்சொற்களையெல்லாம் வரிசைப்படுத்தி, இலக்கிய வழக்கோடு உழவர் வாய்வழக்கையும் ஒப்பவைத்து, வேர் காணுமளவும் விடாத உழைப்பு அது. அவ்வுழைப்பைப் பின்பற்றுவார் சிலர். முடிபை மட்டும் பெயர்த்தெழுதுவார் பலர். பாவாணர் நூலினின்று பத்துப் பக்கம் ஒட்டியதும் ஒட்டேடே, அதற்கு விலக்கில்லை.

நெறியாளர் பங்கு யாது? கைலாசபதி கழகப் பாடல்களைக் கிரேக்க வீரப்பாடல்களொடு ஒப்பிட்டு எழுதிய முனைவர் ஏடு 1968இல் நூலாய் வந்தது. பர்மிங்காமில் அவரை நெறிப்படுத்திய சியார்சு தாம்சன் கிரேக்கப் பேரறிஞர், தமிழ்ப்புலமைக்குப் பெயர்பெற்றவரல்லர். அவரால் புறநானூற்றுச் சொல்லுக்குப் பொருள் சொல்லியிருக்க முடியாது. ஆயின் ஒரு பழம்பாட்டு எத்தகைய குமுகத்தில் எவர் வாயில் எதற்காகத் தோன்றிற்று என்று வினவும் முறையை அவரிடமிருந்து பெற முடிந்தது. கைலாசபதியின் முடிபுகளில் தனித்தமிழார்க்கு உடன்பாடில்லாதவை பல, அவை கிடக்க. அவர் வினாவோடு சென்றார், வினாவோடு ஒருவர் எதிர்ப்பட்டார் என்பதே இங்குக் கொள்ளத்தக்கது. இங்கேயோ தமிழ் முழுதுணர்ந்த நெறியாளரும், இருபது மாணவர் தலைமேல் விழ, அலுவலகத் தாள்களும் மேற்பட, ஏட்டின் முகப்பில் கையொப்பமிடும் நாளில்தான் தலைப்பையே படிக்கும் நிலையில் உள்ளார். மாணவர் எழுதிக் கொணர்ந்த இரண்டு பக்கத்தைச் சிவப்பு மையால் திருத்தி, 'இதற்குச் சான்று எங்கே?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தருதல், ஐம்பது மணிநேரச் சொற்பொழிவினும் பெரிய கல்வி. அதற்கு நேரம் ஒதுக்காத கல்லூரி வேறெதற்கு நேரம் ஒதுக்குகின்றது?

மீண்டும் முக்கூடலுக்கு. முக்கூடற் பள்ளு ஆசிரியர் பெயர் தெரியாத நூல். மு. அருணாசலனார் பதிப்பித்தார்; சேதுரகுநாதனார் உரையோடு கழகமும் வெளியிட்டது. ஆசூர் வடகரை நாட்டு மூத்த பள்ளியும் சீவலமங்கைத் தென்கரை நாட்டு மருதூரைச் சேர்ந்த இளைய பள்ளியும் தத்தம் நாட்டையும் தத்தம் தெய்வத்தையும் உயர்த்திப் பூசலிடுவதும், குடும்பன் பண்ணைக்காரனிடம் ஒறுப்புப் பெறுவதும், மழை பெய்து ஆறு பெருகி உழவு தொடங்குவதும் அதன் கதை. அந்நூலுள் நெல்வகை வரிசையாய் வரும், மாட்டுவகை வரும், மீன்வகை வரும், ஏர்க்கருவி வரும். வாலான், மணல்வாரி, முத்துவிளங்கி, மலைமுண்டன் என்பன நெல்லின் பெயர்கள். மாடுகளுள் ஒன்றற்குப் 'படப்புப்பிடுங்கி' என்று பெயர். சென்னையிலிருந்து எழுதும் ஆய்வாளர்க்கு இதற்கு உரை வேண்டும். நெல்லைச் சீமை மாணவர்க்கு வேண்டா. வைக்கோற்போரை அவர் வீட்டில் இன்றும் படப்பு என்றே சொல்வர். படப்பைப் பிடுங்கித் தின்னும் மாடு எத்தகைய குறும்பு செய்யும் என்பதும் அவர் அறிவார். கொம்பில்லா மாட்டுக்கு மோழை என்று பெயர் என்பதை அவர் பாட்டன் சொல்லியிருப்பார். உரையாசிரியர்க்கும் கிட்டாத அறிவு அவர் வீட்டுத் தொழுவத்தில் கிடக்கின்றது. அதனை அறிவென்று அவருக்கு எவரும் சொல்லவில்லை.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு வினாவை நோக்குக. பள்ளில் வரும் நெற்பெயர்களுள் எத்தனை இன்று பொருநைக் கரை உழவர் வாயில் உள்ளன? கிழவர் பதின்மரைக் கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னவாறே எழுதி, எந்தப் பெயர் உள்ளது, எது திரிந்தது, எது மறைந்தது, ஏன் என்று காட்டினால், நாற்பது பக்கம் நிறையும். அது இதுவரை எவரும் அறியாத நாற்பது பக்கமாயிருக்கும். அக்கிழவர் போய்விட்டால் எந்நூலகத்திலும் அது கிடையாது. ஏட்டுச்சுவடி தேடி உ.வே.சா. இதே நெல்லைக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் அலைந்தார். இன்று அலைய வேண்டுவது வாய்ச்சுவடிக்கு. கறையான் அரிக்கும் ஓலை சில ஆண்டேனும் பொறுக்கும்.

இன்னுமொரு வினா உண்டு, கடியது, ஆயினும் விலக்கத்தகாதது. பள்ளினை உழுகுடிமக்கள் பாட்டென்று தமிழார்வலர் போற்றுவர். அப்பாட்டில் உழுகுடி நகைப்புக்கு உள்ளாகின்றது. குடும்பன் கட்டையில் மாட்டப்படுகின்றான். பெண்டிர் பூசல் பார்ப்பார்க்கு விருந்தாகின்றது. சிரிப்பவர் யார்? நூலைக் கேட்டு மகிழ்ந்த அவை எவர் அவை? 2021இல் ஒன்றியச் சட்டத்தின்வழித் தேவேந்திரகுல வேளாளர் எனும் பெயரைப் பெற்ற மக்களின் பிள்ளைகள் இன்று அதே கல்லூரிகளில் தமிழ் பயில்கின்றனர். வகுப்பில் இந்நூல் பாடமாகும்போது அவர் தலை ஏன் கவிழ வேண்டும்? சொல்வளத்தை அவர் முன்னோர் தந்தனர். எள்ளலைப் பாடியவர் சேர்த்தார். இரண்டையும் பிரித்துக்காட்டும் ஓர் ஏட்டினை அவருள் ஒருவர் எழுதுவாராயின், அது பட்டத்துக்குரிய ஏடாக மட்டும் நில்லாது. தமிழிலக்கிய வரலாற்றின் ஒரு பக்கத்தைத் திருத்தும். அவ்வாறு எழுத வருபவரை நோக்கி, 'இதெல்லாம் வேண்டா. உவமை நலம் என்று எடுத்துக்கொள்' என்று சொல்லும் நெறியாளர் தமிழுக்கும் தீங்கு செய்கின்றார்.

எழுதிய ஏடு என்னாகின்றது என்பதையும் கேட்டல் வேண்டும். முனைவர் ஏடுகளைச் சேர்த்துவைக்க ஒன்றிய அளவில் ஒரு மின்கருவூலம் உண்டு. அதன் பெயர்கூடச் சோத்கங்கா! பொருநைக்கரை ஏடும் கங்கையிற்றான் மூழ்க வேண்டுமோ? அதிலும் முதுகலை ஏட்டுக்கும் இளங்கலை ஏட்டுக்கும் இடமில்லை. அவை வாய்மொழித் தேர்வு முடிந்ததும் துறையின் நிலைப்பேழையுட் புகும். பேழை நிறைந்ததும் பழந்தாள் வாங்குவார் தட்டில் ஏறும். தம் ஏட்டுக்கு இதுவே முடிவு என்று மாணவர்க்கும் தெரியும். எடைக்குப் போகும் தாளில் எவர் உயிரைக் கொடுத்து எழுதுவார்?

நெல்லையில் 1990 முதல் மனோன்மணியம் சுந்தரனார் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் நிற்கின்றது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்று ஆய்வுக்கென்றே ஒரு நடுவம் 1987இல் தொடங்கப்பெற்றது. நிலம் உண்டு, நீர் உண்டு, ஏரும் உண்டு. பொருநைக் கரைக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் ஒன்றுகூடி, ஆண்டுக்கு ஓரூர் என்று எடுத்துக்கொண்டு, மாணவர் ஏடுகளுள் தேறியவற்றை நல்ல தமிழில் திருத்தி, ஒரு படியை அவ்வூர்க் கிளை நூலகத்தில் வைக்கத் தொடங்கலாம். முதலாண்டுக்குச் சீவலப்பேரியை எடுத்துக்கொள்க. தம் வாய்மொழி அச்சேறியிருக்கக் காணும் உழவர் ஒருவர், 'இது பிழை, அந்த நெல் அப்படி இராது' என்று ஓரத்தில் திருத்தம் எழுதுவாராயின், அத்திருத்தத்தோடு அடுத்த ஆண்டு மாணவர் தம் ஏட்டினைத் தொடங்கட்டும்.